வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு: நடக்க, உட்கார, பார்க்க ஒரு முழு வழிகாட்டி

வேலூர்க்காரர்களைச் சீண்ட நினைப்பவர்கள் ஒரு பழைய வரியை எடுத்துவிடுவார்கள்: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில். சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் மழை கனத்தால் இரு கரை தொட்டு ஓடுகிறது. 2021 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலை விஷயத்தில் மட்டும், கேலி செய்பவர்கள் தப்பான பக்கம் பார்க்கிறார்கள். கோட்டையைச் சுற்றித் தெரியும் மொட்டைப் பாறைகளை விட்டுத் தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் அமிர்தி. அங்கேயே ஜவ்வாது மலையின் காடு ஆரம்பித்துவிடும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம், 32 கிலோமீட்டர் அகலம். செய்யாறும் அகரம் ஆறும் மலையைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. உயரமான இடங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டரைத் தாண்டும். ஊட்டி அளவுக்குக் குளிராது, முதுமலை போல ஜீப் சஃபாரி கிடையாது. இரண்டும் இல்லாததால்தான் எனக்கு இந்த மலை பிடிக்கும்.

முதல் தடவை நாங்கள் ஆறு பேர் போனோம். வெள்ளை ஷூ, ஒருவன் கையில் ப்ளூடூத் ஸ்பீக்கர், ஓயாத பேச்சு. நான்கு மணி நேர நடையில் பார்த்தது இரண்டு குரங்கும் ஒரு ஆட்டு மந்தையும். கூட வந்த மலைக்காரர் அண்ணன் திரும்பும் வழியில் ஒரு பாறையைக் காட்டி, "மொதல்ல உக்காருங்க சார்" என்றார். கால் வலிக்காக என்று நினைத்து உட்கார்ந்தோம். வேறு வழியில்லாமல் வாயும் மூடியது. பத்து நிமிஷத்தில் எதிர் மரத்தில் மலை அணில் இறங்கி வந்தது. பூனையை விட நீளம், செம்பழுப்பு முதுகு, உடம்பளவு வால். அன்று முதல் என் பயணத் திட்டத்தில் நடை கால் பங்கு, உட்காருவது முக்கால் பங்கு. கீழே எழுதியிருப்பதும் அந்தக் கணக்கில்தான்.

முதல் படி: எந்த மாவட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது அலுப்பான வேலை, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. பழைய வட ஆற்காடு மாவட்டமாக இருந்தவரை மலை முழுக்க ஒரே ஆட்சியரின் கீழ் இருந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் திருப்பத்தூர் பிரிந்தது. இப்போது அமிர்தி, பீஞ்சமந்தை பக்கம் வேலூர் மாவட்டம்; காவலூர், புதூர்நாடு பக்கம் திருப்பத்தூர்; ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை. வனக்கோட்டங்களும் தனித்தனி. எந்தப் பக்கம் நடக்கப் போகிறீர்களோ அந்தக் கோட்டத்தின் மாவட்ட வன அலுவலரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். வேலூரில் வாங்கிய வாய்மொழி அனுமதியைக் காவலூர் வனக்காப்பாளர் ஏற்க மாட்டார், ஏற்கவும் தேவையில்லை.

தார்ச்சாலை, ஊர், பொதுமக்களுக்குத் திறந்த அருவிப் பாதை, இவற்றில் தனி அனுமதி இல்லாமல் போகலாம். காப்புக்காட்டுக்குள் கால் வைத்தால் அது குற்றம்; 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. "உள்ளூர்ப் பையன் கூட்டிட்டுப் போறான்" என்பது அனுமதி ஆகாது. பிடிபட்டால் உங்களுக்கு அபராதத்தோடு போய்விடும்; அந்தப் பையன் அதே காட்டோரத்தில்தான் காலம் முழுக்க இருந்தாக வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் அதன் பிறகுதான் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் பணம் கட்டினால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். நம் பக்கத்தில் ஏலகிரி சுவாமிமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதுவரை மலையே ஏறாதவர்கள் அங்கே ஒரு நாள் நடந்து தங்கள் முழங்காலைச் சோதித்துவிட்டு ஜவ்வாதுக்கு வருவது நல்லது.

இரண்டாம் படி: மாதம்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகளில் தண்ணீர் நிற்கும், வலசை வந்த பறவைகள் இருக்கும், காலைப் பனியில் ஸ்வெட்டர் தேவைப்படும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் பேசாமல் வீட்டில் இருங்கள். அருவி பார்க்க ஆசைப்பட்டு வெள்ளத்தில் இறங்குகிறவர்கள் கதை ஒவ்வொரு வருடமும் பேப்பரில் வருகிறது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம். மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். இந்தக் காட்டில் பெரும்பகுதி இலையுதிர் காடு என்பதால் அப்போது தரை முழுக்கச் சருகு. ஒரு பீடித் துண்டு போதும். மே மாதம் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது மலை மேல் கொஞ்சம் தணிந்திருக்கும், பலாப்பழமும் கிடைக்கும். விலங்கு பார்க்க அது காலமில்லை, பழம் தின்னப் போகலாம்.

மூன்றாம் படி: வழியும் தங்குமிடமும்

மலைக்கு நான்கு வாசல்கள். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக அமிர்தி, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர், போளூரிலிருந்து நேராக ஜமுனாமரத்தூர், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு. எல்லாப் பக்கமும் அரசுப் பேருந்து உண்டு, அடிக்கடி இல்லை. கடைசிப் பேருந்து நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் வருபவர்கள் பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்புங்கள். போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் திட்டம் இரண்டு பகல், ஒரு இரவு. முதல் நாள் மதியம் அமிர்தி. அங்கே வனத்துறையின் சிறு உயிரியல் பூங்கா 1967இலிருந்து இருக்கிறது, ஓடை இருக்கிறது, உள்ளே ஓர் அருவி இருக்கிறது. அருவிப் பாதை அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். கூண்டு விலங்குகளைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஓடையோரத்தில் அரை மணி உட்கார்ந்து கண்ணையும் காதையும் பழக்கிக்கொள்ள நல்ல இடம், அவ்வளவே. மாலைக்குள் ஜமுனாமரத்தூர் போய்த் தங்குங்கள். சிறு விடுதிகள் உண்டு. சனி, ஞாயிறென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மறுநாள் விடிவதற்கு முன் வழிகாட்டியோடு நடை. வெயில் ஏறிய பிறகு பீமன் மடவு அருவி. மாலையில் காவலூர் வழியாக இறக்கம். அந்த மறுநாள் சனிக்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது, காரணம் பின்னால் வருகிறது.

நான்காம் படி: பை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மீதியெல்லாம் அப்புறம். உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நான்கு, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், வாழைப்பழம். ஆம்பூர் வழியாக வருபவர்களுக்கு பிரியாணி பார்சல் கட்டத் தோன்றும். குரங்குக்குக் கட்டுவதாக இருந்தால் கட்டுங்கள்.

உடை மண் நிறத்தில், முழுக்கால், முழுக்கை. கணுக்காலை மூடும் ஷூ. கால்சராயின் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், காரணம் கடைசியில் சொல்கிறேன். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்). இன்னும் பெரிதாகக் காட்டும் 12, 16 என்று போனால் கை நடுக்கமும் பெரிதாகி, பறவை ஒரு கறையாகத்தான் தெரியும். டார்ச், கைக்குட்டை, ஒரு சின்ன நோட்டு, பென்சில், பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல். ஸ்கேல் எதற்கு என்பது ஆறாம் படியில். ட்ரோன், ஸ்பீக்கர், சென்ட் மூன்றும் வீட்டில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: உட்காருவது எப்படி

விடியலுக்கு அரை மணி முன்பே காட்டோரம் இருங்கள். வழிகாட்டி முன்னால், நீங்கள் பின்னால், நான்கு பேருக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடம் மெதுவாக நடந்தபின் ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். ஓடை வளைவு, காய்த்த அத்தி அல்லது ஆலமரம், காட்டுக்கும் மலைக்காரர்களின் கொல்லைக்கும் நடுவிலான விளிம்பு, இந்த மூன்றில் ஒன்று. முதுகுக்கு ஒரு மரமோ பாறையோ இருக்கட்டும். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். பிடறியில் அடித்தால் உங்கள் வாசம் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பாறை இடுக்கில் கை வைக்கும் முன் கோலால் தட்டிப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்த சத்தம் அடங்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு குக்குறுவான் ஆரம்பிக்கும், காட்டுக்கோழி கூவும். திடீரென்று ஒரு கூட்டம் வரும்: சின்னான், தேன்சிட்டு, மரங்கொத்தி, ஈப்பிடிப்பான், கூடவே ஒரு கரிச்சான். இரை தேடும்போது பல வகைப் பறவைகள் இப்படிச் சேர்ந்தே மேயும். ஒன்று கிளறிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும், ஆபத்தென்றால் கரிச்சான் கத்தும். கூட்டம் போனதும் எழுந்து பின்னால் ஓடாதீர்கள். அடுத்த கூட்டமும் இதே மரத்துக்கு வர வாய்ப்பு அதிகம்.

குளிர்காலத்தில் ஒரு விசேஷம் உண்டு. வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி, காலை மாலை ஆறு மணி சுமாருக்கு இரண்டு தட்டு விசில் கொடுக்கும், பெயரும் அதனால்தான். ஒன்பது நிறம் உடம்பில் இருந்தும், சருகில் குதித்து நடப்பதால் கண்ணில் படாது. விசில் வந்த திசையில் தரையைப் பாருங்கள், மரத்தைப் பார்க்காதீர்கள். அரசவால் ஈப்பிடிப்பானின் வெள்ளை வால் நாடாவும் ஓடையோர நிழலில் கிடைக்கக்கூடியது. இன்னும் பொறுமை உள்ளவர்கள் பாறைச் சரிவுப் புதர்களில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடலாம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது, எண்ணிக்கையும் குறைந்து வருவது. போனில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று கூட்டைவிட்டுப் பதறி வரும். உங்களுக்குப் படம் கிடைக்கும், அதற்குக் காலைத் தீனி போய்விடும்.

சத்தம் மாறுவதைக் கவனியுங்கள். தவிட்டுக்குருவிகள் ஒரே புதரைச் சுற்றிக் கத்தினால் பெரும்பாலும் உள்ளே பாம்போ கீரியோ இருக்கும். குரங்கு கிளை உச்சியில் நின்று ஒரே திசையைப் பார்த்து இருமுவது போலக் குரல் கொடுத்தால், அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொண்டு வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். சிறுத்தையாக இருக்கலாம்.

ஆறாம் படி: தரையைப் படியுங்கள்

கரடி, சிறுத்தை, முள்ளம்பன்றி, எறும்புதின்னி எல்லாம் இரவு வேலைக்காரர்கள். நேரில் பார்க்காமலே திரும்பும் நாள்தான் அதிகம். ஆனால் அவை எழுதிவைத்துவிட்டுப் போவதை எட்டு மணி வெயிலில் நிதானமாகப் படிக்கலாம்.

ஓடை மணலில் ஒரு தடம். நான்கு விரல், நகக் குறி இல்லை என்றால் பூனை இனம். நகக் குறி இருந்தால் நாய், நரி. ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அகலம் ஏழு சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் சிறுத்தை என்று எண்ணலாம். மூன்று, நான்கு என்றால் காட்டுப்பூனை. ஐந்து விரல் ஒரே வரிசையில், நகக் குறி வெகு முன்னால் தள்ளி, மனிதன் வெறுங்காலில் நடந்தது போல இருந்தால் கரடி. புற்று பிளந்து, மண் பின்னால் வாரி எறியப்பட்டிருந்தால் அதுவும் கரடிதான். மூக்கை நுழைத்துக் கரையானை உறிஞ்சித் தின்னும். கரடி எச்சத்தில் பருவத்தைப் பார்க்கலாம்: இலந்தைக் கொட்டை, கொன்றை விதை, நாவல் கொட்டை. பாறை மேல் பழக்கொட்டையோடு சின்ன எச்சம் கிடந்தால் மரநாய். முடி கலந்து முறுக்கியிருந்தால் ஏதோ ஊனுண்ணி. தரையைக் கலப்பை போட்டது போலக் கிளறியிருந்தால் காட்டுப்பன்றி. கறுப்பு வெள்ளை முள்ளை எடுத்து வராதீர்கள், படம் எடுத்தால் போதும். ஒரு குச்சியைக்கூடத்தான். சந்தன மரத்துக்குப் பெயர்போன மலை இது. சோதனைச்சாவடியில் உங்கள் கைத்தடிக்கு நீங்கள் விளக்கம் சொல்லும்படி ஆகும்.

நோட்டில் தேதி, நேரம், இடம், அளவு எழுதுங்கள். மூன்றாவது பயணத்தில் உங்கள் நோட்டு, கூட வருபவரின் கேமராவைவிட அதிகம் சொல்லும்.

ஏழாம் படி: ஆபத்து

கரடிக்குத்தான் மலைக்காரர்கள் சிறுத்தையைவிட அதிகம் பயப்படுகிறார்கள், சரியான பயம். மூக்கு கூர்மை, கண்ணும் காதும் மந்தம். அதனால் நீங்கள் பக்கத்தில் வரும்வரை அதற்குத் தெரியாது, தெரிந்தவுடன் பதறிப் பாயும். பாதை வளைவுகளிலும் அடர்ந்த புதர் அருகிலும் மட்டும் தொண்டையைச் செருமுங்கள், கோலால் தட்டுங்கள். எதிரில் பார்த்துவிட்டால் ஓடக் கூடாது. முகம் அதன் பக்கம் இருக்கப் பின்னாலேயே மெதுவாக நகருங்கள். மேலே விழுந்தேவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடறியை மூடிக்கொள்ள வேண்டும்.

பாம்பு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து வேலை செய்யும், எனவே பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ தேவையில்லை. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். 108ஐ அழைத்துக்கொண்டே இறங்குங்கள், அழைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி. இரண்டும் இதில் பழகிய இடங்கள். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. 2023இல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாமல் மருத்துவமனை சேருமுன்பே இறந்தது. சாலையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்: கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வண்டி ஏற்ற முடியாத இடத்துக்குப் போவதில்லை.

யானை பார்க்க வேண்டுமென்று குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம், மோர்தானா அணையைத் தாண்டி நடக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். எல்லைக்கு அப்பால் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம். சுமார் இருநூறு ஆண்டுகள் யானையே இல்லாமல் இருந்த அந்தக் காட்டுக்கு 1980களில் யானைகள் திரும்பி வந்தன. அங்கிருந்து இந்தப் பக்க நிலங்களுக்கும் இறங்குகின்றன. இரவில் காவல் காத்துக் களைத்த விவசாயிகள் நடுவே வேடிக்கை பார்க்கப் போவது முறையும் இல்லை. கே.வி.குப்பம் அருகே துருகத்தில் 2024 டிசம்பரில் சிறுத்தை தாக்கி ஓர் இளம்பெண் இறந்தார். அந்தப் பக்கத்து மக்களிடம் "சிறுத்தை வருமா?" என்று ஆசையாகக் கேட்காதீர்கள்.

எட்டாம் படி: மலைக்காரர்களோடு

இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்று ஊர்கள் நாடுகளாகச் சேர்ந்திருக்கும். ஊருக்குள் போனால் முதலில் பெரியவரைப் பார்த்து, "ஐயா, வேலூர்லேர்ந்து வரோம், பறவை பாக்க வந்தோம்" என்று சொல்லிவிடுங்கள். கோயில் எல்லைக்குள் செருப்பு வேண்டாம். பெண்களை, குழந்தைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். செம்மரப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள்: 2015 ஏப்ரலில் ஆந்திரப் போலீசார் சுட்டு இறந்த இருபது பேரில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு, அந்தத் துக்கம் ஆறவில்லை. சாமை, தேன், புளி, கடுக்காய் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். வழிகாட்டிக்கு ஒரு நாள் கூலியை ஏறுமுன்பே பேசிவிடுங்கள்; நடை பாதியில் முடிந்தாலும் முழுக் கூலி.

ஒன்பதாம் படி: இருட்டு

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், நேரத்தைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு போங்கள். இந்த மலையை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருட்டு. அதே இருட்டுதான் பக்கி என்னும் இரவுப் பறவைக்கும் ஆந்தைக்கும் வேண்டும். வெளியே வந்ததும் ஹெட்லைட்டைத் தாழ்த்தி, மெதுவாக ஓட்டுங்கள். சூடு மிச்சமிருக்கும் தார்ச்சாலையில் பக்கி உட்கார்ந்திருக்கும், கண் இரண்டும் சிவப்புக் கங்கு போல மின்னும். அதன் மேல் வண்டியை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அணைக்கட்டு வழியாகத் திரும்புபவர்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் ஒரு கிலோ வாங்குங்கள்.

கடைசிப் படி: வீட்டுக்கு வந்தபின்

போட்டிருந்த துணி முழுவதையும் உடனே வெந்நீரில் ஊறப்போடுங்கள், சோப்புப் போட்டுக் குளியுங்கள். காதுக்குப் பின், அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சல் வரும். வேலூர் வட்டாரத்தில் அரிதான நோய் இல்லை, குளிர்மாதங்களில்தான் அதிகம். சாக்ஸுக்குள் கால்சராயைச் செருகச் சொன்னது இதற்காக. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு வலியில்லாமல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல் வர ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை ஆகும் என்பதால், பலர் மலையை மறந்துவிட்டு டெங்கு, டைஃபாய்டு என்று சோதித்துக்கொண்டிருப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும், விட்டால் நுரையீரல்வரை போகும். எனவே மலையிலிருந்து இறங்கிய தேதியை காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்குப் பின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "இந்தத் தேதியில ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன், புதருக்குள்ள உட்கார்ந்திருந்தேன்."